நல்லொலியும் மெய்யொலியும்

ஒரு பொருள் நன்றாக இருக்கிறது என்று நாம் சொல்லும்போது எதனைக் குறிக்கிறோம் என்ற வினா பழையது. கவிதையைப் பற்றியும் ஓவியத்தைப் பற்றியும் இவ்வினாவை எழுப்பி நம்மவர் நிறையவே எழுதியுள்ளனர். காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போனைப் பற்றியும், அதற்கு ஒலியை அனுப்பும் பழைய கணினியொன்றைப் பற்றியும் இதே வினாவை எழுப்பினால் வாசகர் நகைக்கக்கூடும். நானும் நகைத்தவனே. கட்டைபறிச்சானில் அண்மையில் நேர்ந்த சிறு காரியமொன்று அந்நகைப்பை நிறுத்திற்று.

சம்பூர்ப் பகுதி மக்கள் 2006ஆம் ஆண்டுப் போரினால் ஊரைவிட்டு எழுந்தோடியதையும், அவர்களுட் பலர் 2015, 2016 வரையில் கட்டைபறிச்சான், கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை ஆகிய இடங்களிலிருந்த நலன்புரி முகாம்களில் வாழ நேர்ந்ததையும் திருகோணமலை மாவட்டத்தார் நன்கறிவர். அம்முகாம்களிற் பிறந்தவரும் உண்டு, இறந்தவரும் உண்டு. முகாமில் நிகழ்ந்த சாவு ஒன்றின்போது ஆச்சி ஒருவர் தம் தமக்கைக்குச் சொல்லி அழுத ஒப்பாரியை உறவினர் ஒருவர் கைத்தொலைபேசியிற் பதிந்து வைத்திருந்தார். பதினொரு நிமிடப் பதிவு. அந்த ஆச்சியின் பேரன் என் மாணவன். நாட்டார் பாடல் பற்றிய பாடம் நடந்தபோது, "எங்கட அம்மம்மா சொன்ன ஒப்பாரி என்னட்ட இருக்கு, சேர்" என்று அவன் அதனைக் கொண்டுவந்து தந்தான்.

எங்களிடமிருந்தது அலுவலகமொன்று கழித்துவிட்ட மடிக்கணினி. அதில் லினக்ஸ் இயங்குகிறது. கொள்கைப் பற்றினால் லினக்ஸை நாடினோம் என்று பெருமை பேச வழியில்லை. புதிய இயங்குதளம் எதனையும் அக்கணினி தாங்காது. உலகெங்கும் இதே நிலைதான். விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றது. அடுத்த பதிப்பு விதிக்கும் வன்பொருள் நிபந்தனையை நிறைவேற்ற இயலாத, மற்றபடி நன்றாக ஓடக்கூடிய கணினிகள் எண்ணிலடங்கா. உழைக்கக்கூடிய கருவியை உழைக்க விடாது ஒதுக்குவது முதலாளித்துவச் சந்தையின் இயல்பு. ஒதுக்கப்பட்டவற்றைப் பொறுக்கி உயிரூட்டும் வேலையை லினக்ஸ் செய்கிறது.

பதிவை ஓட்டி, மாணவனின் கம்பியில்லா ஹெட்போனிற் கேட்டோம். கிணற்றுக்குள் நின்று யாரோ பேசுவது போலிருந்தது. "லினக்ஸில சத்தம் சரிவராது சேர், போனிலயே கேப்பம்" என்றான். இவ்வெண்ணம் பரவலானது. ஆயின், காரணத்தைத் தேடாது தீர்ப்பை ஏற்றுக்கொள்வது படிப்பிக்கிறவனுக்கு அழகன்று. தேடினோம்.

கம்பியில்லா ஹெட்போனுக்கு இரு வேடங்கள் உண்டு. இசை கேட்கும் வேடத்தில், இரு காதுக்கும் உரிய முழு ஒலியும் ஒருவழிப் பாதையாக வந்து சேரும். ஹெட்போனிலுள்ள ஒலிவாங்கியும் தேவை என்று ஏதேனும் ஒரு மென்பொருள் கேட்டுவிட்டால், ஹெட்போன் தொலைபேசி வேடம் பூண்டுவிடும். போவதற்கும் வருவதற்கும் பாதையைப் பங்கிட வேண்டியிருப்பதால் ஒலி ஒற்றைத் தடமாகி, நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளாகச் சுருங்கும். எங்களுக்கு நேர்ந்தது இதுவே. ஒலிக் கட்டுப்பாட்டுப் பலகையில் ஹெட்போனின் வேடத்தை மாற்றியதும் பாதிக் குறை தீர்ந்தது. மறுபாதி எங்கள் கையினால் விளைந்தது. ஒலி போதாதென்று அளவுகோலை நூறு விழுக்காட்டுக்கு மேலே தள்ளியிருந்தோம். லினக்ஸ் இதனை அனுமதிக்கிறது. ஆயின் நூற்றுக்கு மேற்பட்ட பகுதி வெறும் எண் பெருக்கமே. பெருக்கிய எண் எல்லையை முட்டும்போது அலையின் தலை வெட்டுண்டு கரகரப்பாகிறது. (இளைஞர் காதுக்கும் இதில் ஆபத்துண்டு. 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேற் கேளாதிருப்பதே பாதுகாப்பு என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வகுத்த நியமம் கூறுகிறது. பேருந்தில் பாடசாலைக்கு வரும் பிள்ளைகளிடம் இதனைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.)

பின்பு கம்பியுள்ள ஹெட்போனை மாட்டினோம். மடிக்கணினியின் துளையிலிருந்து மெல்லிய இரைச்சல் வந்தது. மின்சுற்றுகள் நெருக்கமாயுள்ள பலகையிலேயே எண்களை ஒலியாக மாற்றும் வேலையும் நடப்பதால் இது நேர்கிறது. யூ.எஸ்.பி. துளையிற் செருகும் விரலளவான ஒலிமாற்றி ஒன்று அவ்வேலையைக் கணினிக்கு வெளியே நடத்தும். அதற்குப் பொது நியமம் ஒன்றிருப்பதால் லினக்ஸ் தனி மென்பொருள் எதுவும் வேண்டாது அதனை அறிந்துகொள்ளும். இரவல் பெற்ற அத்தகைய மாற்றியினால் இரைச்சலும் நீங்கிற்று. ஆச்சியின் குரல் மட்டும் இன்னும் தொலைபேசிக் குரலாகவே இருந்தது.

இங்கேதான் கோளாறு கணினியை விட்டு வெளியே போய்விட்டது. அக்காலத்து மலிவான கைத்தொலைபேசிகள் பதிவை ஏ.எம்.ஆர். என்னும் வடிவத்தில் வைத்தன. அது நொடிக்கு 8,000 மாதிரிகளே எடுப்பது. ஆகவே 4,000 ஹேர்ட்சுக்கு மேற்பட்ட எதுவும் அதில் இராது. மனிதச் செவி இளமையில் ஏறக்குறைய 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். சகரத்தின் சீறலும் மூச்சின் ஓசையும் மழைத்துளியின் கூர்மையும் பெரும்பாலும் இழக்கப்பட்ட அப்பகுதியிலேயே வாழ்வன. பதியப்படாத ஒன்றை எந்த ஹெட்போனும் மீட்டுத் தராது. சபாக்களிற் பாடிய வித்துவான்களின் குரல் ஒலிப்பதிவுக் கூடங்களில் முழுமையாகப் பதியப்பட்டிருக்க, நலன்புரி முகாமில் அழுத ஆச்சியின் குரல் கால்வாசியாகவே எஞ்சியது. வர்க்க வேறுபாடு அலைவரிசையிலும் எழுதப்பட்டிருக்கிறது என்று அன்று மாணவரிடம் சொன்னேன். சற்று நாடகத்தனமான வாக்கியம்தான், பொய்யன்று.

ஒலி செல்லும் பாதை யாருடையது என்ற வினாவும் இதனோடு சேர்ந்தது. மென்பொருளைப் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் அதனைப் பயன்படுத்துவோர்க்கு உரிமை வேண்டும் என்ற இயக்கத்தை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் தொடக்கினார். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை வெளியிட்டார். லினக்ஸில் ஒலியை முதலிற் பேசவைத்தது, பின்லாந்து நாட்டவரான ஹன்னு சவோலைனென் எழுதிய ஓ.எஸ்.எஸ். என்னும் தொகுதி. பின்னர் அதன் புதிய வளர்ச்சி வணிக நிறுவனமொன்றின் மூடிய சொத்தாயிற்று. பொதுவழியில் வேலி விழுந்ததைக் கண்டவர்கள் வேறு வழி வெட்டினர். செக் நாட்டவரான ஜரோஸ்லாவ் கிசெலா 1998இல் தொடங்கிய அல்சா, 2003 டிசெம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6இல் அதன் இடத்தைப் பிடித்தது. ஓ.எஸ்.எஸ். 2007இல் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அதற்குள் மக்கள் வேறு பாதையில் நெடுந்தூரம் போய்விட்டனர். வேலி போட்டவர் தோற்ற கதைகள் நம் காலத்தில் அரிது என்பதால் இதனைச் சற்று விரித்தேன்.

ஆயினும் மயங்க வேண்டியதில்லை. இன்று பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் ஒலியை ஒழுங்குபடுத்தும் பைப்வயர் 2023 நவம்பரில் முதலாம் பதிப்பை எட்டியது. அதனை ஆக்கிய விம் டைமன்ஸ் ரெட் ஹட் நிறுவனத்துப் பொறியாளர், அந்நிறுவனத்தை ஐ.பி.எம். 2019இல் 3,400 கோடி டொலருக்கு வாங்கியது. உலகெங்கும் ஊதியமின்றி உழைத்தோரின் உழைப்பும் அவ்விலைக்குள் அடங்கியிருக்கிறது. பொதுவுடைமை என்று இதனைக் கொண்டாடும் நண்பர்கள், பொதுவில் விளைந்ததைக் களஞ்சியத்தில் அடைப்பவர் யார் என்றும் கேட்க வேண்டும். படிக்கும் உரிமை இருந்து என்ன, படிக்கக் கற்றவர் எத்தனை பேர் என்ற வினாவும் உண்டு. அதற்கு விடை சொல்ல வேண்டியவர் நாமே. பாடசாலை நம் கையில்தான் இருக்கிறது.

ஹெட்போன் ஒலியை நன்றாக்குவது எப்படி என்று இளைஞர் பலர் இரவு பகலாக ஆராய்கின்றனர். இவ்வாராய்ச்சியில் அறிவும் உண்டு, மூடபக்தியும் உண்டு. ஹெட்போனின் மின்தடை, அதனை இயக்கும் கருவியின் வெளியீட்டுத் தடையைப்போல் எட்டு மடங்கேனும் இருத்தல் நலம் என்பது பௌதிக வகுப்பிற் சரிபார்க்கக்கூடிய செய்தி. இசைத்தட்டின் 44,100 மாதிரிகளைப் பைப்வயர் தன் வழக்கப்படி 48,000 ஆக மாற்றுவதால் இசை கெட்டுவிடுகிறது என்று வருந்துவோர், ஓர் அமைப்பு வரியைத் திருத்தி அம்மாற்றத்தைத் தவிர்க்கலாம். திருத்தியபின் வேறுபாட்டைக் கேட்டேன் என்று என்னாற் சத்தியம் செய்ய இயலாது. பொன்முலாம் பூசிய கம்பிக்கு மாதச் சம்பளத்தைக் கொடுப்பது பற்றிப் பேசவே வேண்டாம். இசையைக் கேட்பதை விட்டு இசைக்கருவியின் விலையைக் கேட்கும் நோயை அடோர்னோ 1938ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே எடுத்துக்காட்டிவிட்டார். பண்டவழிபாடு என்று மார்க்ஸ் சொன்னது காதுக்குள்ளும் புகுந்துவிட்டது என்பதே அவர் வாதத்தின் சாரம்.

இவற்றுள் ஒன்று மட்டும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஒவ்வொரு ஹெட்போனும் சில சுருதிகளை மிகுத்தும் சிலவற்றைக் குறைத்தும் ஒலிக்கும். அளந்து பார்த்த வளைகோட்டை வைத்து அக்கோணலை நிமிர்த்தலாம். லினக்ஸில் இதற்கு ஈசிஎபெக்ட்ஸ் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் நிமிர்ந்த கோடு எது? ஹார்மன் நிறுவனத்தில் ஷோன் ஒலிவ் முதலியோர் 2012 தொடக்கம் கேட்போர் பலரை இருத்தி, எவ்வொலியை அவர்கள் விரும்பினர் என்று சோதித்து ஓர் இலக்குக் கோட்டை வரைந்தனர். பலரும் அதனையே அளவுகோலாகக் கொள்கின்றனர். பெரும்பாலோர் விரும்பியது என்ற அளவில் அது நேர்மையான ஆராய்ச்சி. விருப்பம் மெய்யாகிவிடுமா என்பதே நம் வினா. ஹெட்போனின் கோணலைத் திருத்துவது கண்ணாடியைத் துடைப்பது போன்றது. முகத்தையே துடைக்கத் தொடங்கும்போது சங்கடம் பிறக்கிறது.

நாங்கள் முகத்தைத் துடைத்தோம். பதிவு முழுவதும் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. சொற்கள் தெளியவில்லை. மனிதப் பேச்சை இரைச்சலிலிருந்து பிரிக்கும் வடிகட்டி ஒன்றை மாணவர் கணினியிற் பொருத்தினர். இத்தகைய வடிகட்டிகள் ஆயிரக்கணக்கான பேச்சு மாதிரிகளையும் இரைச்சல் மாதிரிகளையும் கேட்டுப் பழக்கப்பட்டவை. அலுவலகக் கூட்டங்களிற் பேசுவோர்க்கு மின்விசிறியின் ஓசையும் தட்டச்சின் ஓசையும் இடையூறாகாதிருத்தலே அவற்றின் முதல் நோக்கம். மழை மறைந்தது. ஆச்சியின் குரல் தனியே, வெறுமையான மண்டபத்தில் நின்று பாடுவது போல எழுந்தது. மாணவர் மகிழ்ந்தனர். நானும் மகிழ்ந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. சொல் சொல்லாக எழுதியெடுத்தோம்.

அடுத்த சனிக்கிழமை மடிக்கணினியையும் ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு ஆச்சியிடம் சென்றோம். ஹெட்போனை அவர் தலையில் வைத்துவிட்டான் பேரன். ஆச்சி இரண்டு நிமிடம் அசையாதிருந்து கேட்டார். பின்பு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்து, "தம்பி, இதில மச்சாளைக் காணேல்லையே?" என்றார்.

எங்களுக்கு விளங்கவில்லை. "எனக்குப் பக்கத்தில இருந்து கூட அழுதவ. நான் விட்ட இடத்தில அவதான் எடுத்துக் குடுத்தவ. ஊருக்குத் திரும்ப முந்தியே அவ போயிட்டா" என்றார் ஆச்சி.

மூலப் பதிவை ஓட்டினோம். மழைக்குள்ளே, மிகத் தொலைவிலிருப்பது போல, இன்னொரு பெண்ணின் குரல் இருந்தது. எத்தனையோ முறை கேட்டும் நாங்கள் அதனைக் கேட்டிருக்கவில்லை. வடிகட்டியும் அதனை மழையின் பங்காக எண்ணி அகற்றிவிட்டது. ஒப்பாரியில் அடிகளுக்கிடையே வரும் விம்மலும் அவ்வாறே போயிருந்தது. ஒப்பாரி தனி ஒருத்தியின் பாட்டன்று. கட்டிப்பிடித்து வட்டமாக அமர்ந்து பலர் அழுவது. விம்மல் அதன் தாளம். இவற்றையெல்லாம் வகுப்பறையிற் படிப்பித்தவன் நான். "இருக்கிறா ஆச்சி, நாங்கள்தான் எடுத்துப்போட்டம்" என்று சொல்ல நேர்ந்தது.

ஆகவே வடிகட்டி தீயது, மூலப் பதிவே புனிதமானது என்று முடித்துவிடலாமா? அப்படி முடிப்பது எளிது, சரியாகாது. வடிகட்டி இன்றேல் ஒப்பாரியின் சொற்களுட் பாதி எங்களுக்கு விளங்கியிராது. மேலும், மூலப் பதிவும் கலப்பற்ற மெய் அன்று. ஏ.எம்.ஆர். என்பதே மனிதப் பேச்சுக்காக வகுக்கப்பட்ட முறை. தொண்டையும் வாயும் ஒலியை எழுப்பும் விதத்தை மாதிரியாகக் கொண்டு அது ஒலியைச் சுருக்குகிறது; மழையையும் பறையையும் அது நன்கறியாது. எது காக்கத்தக்கது, எது கழிக்கத்தக்கது என்ற தீர்ப்பு ஆச்சியின் கண்ணீர் விழுமுன்னரே அந்தத் தொலைபேசிக்குள் எழுதப்பட்டிருந்தது. தீர்ப்பற்ற ஒலி எங்கும் இல்லை.

ஆகவே, ஒலி மெய்யானதா, மாற்றப்பட்டதா என்று கேட்பதோடு என் வினா நிற்கவில்லை. மாற்றியவர் யார்? மாற்றியதைச் சொன்னாரா? மாற்றத்தைத் திரும்பப் பெற வழியுண்டா? குரலுக்கு உரியவரிடம் கேட்டாரா? லினக்ஸ் கணினியின் பெருமை அதன் ஒலி இனிமையில் இல்லை. அந்த இனிமையைக் காசு கொடுத்து வேறிடத்தில் எளிதாக வாங்கலாம். கோப்பிலிருந்து காது வரை ஒலி கடக்கும் ஒவ்வொரு படியையும் திறந்து பார்த்து, இங்கே இன்னது நடந்தது என்று சொல்ல அது இடந்தருகிறது. மூடிய கருவிகளில், அழகாக்கும் வேலை கேட்பவன் அறியாமலே நடக்கிறது. திறந்த கருவியிலோ வடிகட்டியை மாட்டியவன் நான் என்று ஆச்சிக்கு முன் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அறியும் உரிமை வந்தவிடத்து, தெரியாது என்று சொல்லித் தப்பும் வசதி போய்விடுகிறது.

உடன் படிப்பிக்கும் நண்பரொருவர் இதனையெல்லாம் கேட்டுவிட்டு, காணியும் தொழிலும் இல்லாத மக்களிடையே ஹெட்போன் ஆராய்ச்சி வீண் ஆடம்பரம் என்றார். அவர் சொல்லில் நியாயம் இல்லாமல் இல்லை. சோற்றுக்குப் பின்னரே சுருதி. ஆனால் நம் மக்களின் வரலாறு எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின என்பர். ஏட்டில் எழுதப்பட்டவர்களின் கதியே இது. ஏட்டில் ஏறாத உழவரும் மீனவரும் மூதூர்க் கிழக்கின் வேடரும் விட்டுச்செல்வது பெரும்பாலும் குரலையே. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் காப்பதோடு வாய்மொழி வரலாறுகளையும் சேர்க்கிறது. அதன் தளம் இயங்குவது மீடியாவிக்கி என்ற கட்டற்ற மென்பொருளில். காணி உறுதி இல்லாதவளுக்குத் தான் எந்த வேலியோரத்தில் எந்தப் பனையடியில் வாழ்ந்தாள் என்று சொல்லும் சான்று அவள் ஒப்பாரியிலேயே இருக்கக்கூடும். இந்த ஒப்பாரியில் சம்பூரின் கிணறொன்றும் புளியமரமொன்றும் இடஞ்சுட்டிச் சொல்லப்படுகின்றன. அதனைத் தெளிவாகக் கேட்பது ஆடம்பரமாகுமா?

திருக்குறளிற் கேள்விக்கென ஓர் அதிகாரம் இருப்பதை மாணவருக்கு ஆண்டுதோறும் படிப்பிக்கிறோம். கேட்பவன் கடமை பற்றியே அங்கே பேச்சு. கருவியின் கடமை பற்றி அன்று எவரும் எண்ணியிருக்க இயலாது. இன்று கேட்பவனுக்கும் சொல்பவளுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கருவிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் தன் பங்குக்கு எதையோ கேட்டு, எதையோ கேளாது விடுகிறது.

இப்போது அப்பதிவு மூன்று கோப்புகளாக இருக்கிறது. தொலைபேசியிலிருந்து வந்தது வந்தபடியே ஒன்று. அதில் எவரும் கைவைப்பதில்லை. சொற்களை எழுதியெடுக்க வடிகட்டியது இரண்டாவது. எந்தக் கருவி, எந்த அளவு, யார் செய்தது, எந்த நாள் என்று அதன் பக்கத்திற் குறித்திருக்கிறோம். மூன்றாவதில் மழையை ஓரளவு தணித்து, மச்சாளின் குரல் கேட்கும் இடங்களிற் கைபடாது விட்டிருக்கிறோம். அதற்கு மூன்று கிழமை சென்றது. மாணவர் இருவர் இரவல் ஹெட்போனை மாறி மாறிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு விம்மலாக நேரத்தைக் குறித்தனர். அவ்வேலையிற் கற்ற அளவு இலக்கணம் அவர்கள் என் வகுப்பில் ஒருபோதும் கற்றதில்லை.

கோப்புகளை எண்ணிம நூலகத்துக்கு அனுப்பலாமா என்று ஆச்சியிடம் கேட்டோம். மூன்றாவதைக் கேட்டுவிட்டுச் சரி என்றார். பின்பு, ஒன்பதாவது நிமிடத்தில் தமக்கையைச் சின்ன வயதுப் பட்டப்பெயர் சொல்லி அழைக்கும் இடத்தை மட்டும் வெளியாருக்குக் கொடுக்க வேண்டாம் என்றார். வெளியே அனுப்பும் பிரதிகளில் அவ்விடத்தை வெட்டி, வெட்டிய இடத்தையும் குறித்தோம். முழுமையான மூலக் கோப்பு பாடசாலைக் கணினியில் இப்போது இல்லை. பேரனின் தொலைபேசியில் இருக்கிறது.